மாதம் 1,050 கிலோமீட்டர்: ஒரகடம் போய்வர ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்த கணக்கு

ஒரகடம் சிப்காட்டில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வீடு தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில். நிறுவனத்தின் பேருந்தே தெருமுனையில் ஏற்றிக்கொண்டு போய் மாலையில் அங்கேயே இறக்கிவிட்டதால், பயணத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று நான் யோசிக்க நேர்ந்ததே இல்லை. 2025 வைகாசியில் என்னை ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் வண்டி கிடையாது. வீட்டிலிருந்து மண்ணிவாக்கம் வந்து, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஏறி, கரசங்கால், படப்பை கடந்து தொழிற்சாலை வாயிலை அடைய 21 கிலோமீட்டர். போகவர 42. மாதத்தில் 25 வேலை நாள் என்றால் 1,050 கிலோமீட்டர். அடுத்த நான்கு மாதங்கள் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஓர் எண்தான்.

எல்லாவற்றிலும் மலிவான வழி எது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2021 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த விடியல் பயணத்தில்தான் இரண்டு மாதம் போய்வந்தேன். அந்தத் திட்டத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, எங்கள் பிரிவில் சுத்தம் செய்யும் பெண்களில் பலர் அதனால்தான் இந்த வேலையில் நீடிக்கிறார்கள். ஆனால் பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து சிப்காட்டின் உள்சாலையில் இன்னும் மூன்று கிலோமீட்டர் போக வேண்டும். காலையில் ஷேர் ஆட்டோ கிடைக்கும். மாலை ஆறரைக்கு மேல் கிடைப்பது நிச்சயமில்லை. அந்த மூன்று கிலோமீட்டர்தான் என்னைச் சொந்த வண்டி தேட வைத்தது. நிறுத்தத்திலிருந்து வேலையிடத்துக்கு நடந்தே போய்விடக் கூடியவர்களுக்கு இதற்கு மேல் நான் எழுதுவது எதுவும் தேவைப்படாது.

வண்டி வாங்குவது என்று முடிவானதும், கடைக்குப் போவதற்கு முன்பே அண்ணனின் பழைய 110 சிசி ஸ்கூட்டரை ஆறு வாரத்துக்கு இரவல் வாங்கி என் வழியை அளந்து பார்த்தேன். அளக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்த்து வகுப்பது. இதில் நான் முதலில் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு முறை நிரப்பிக் கணக்குப் போட்டு, லிட்டருக்கு 49 வந்ததென்று மகிழ்ந்து, அடுத்த முறை 42 வந்ததைக் கண்டு வண்டியில் கோளாறு என்று பதறினேன். ஸ்கூட்டரின் டேங்க் ஐந்து லிட்டரை ஒட்டியது. நான்கு லிட்டர் நிரப்பும்போது பங்கில் குழாய் 200 மில்லி முன்னதாகவோ பின்னதாகவோ நின்றுவிட்டாலே விடையில் ஐந்து விழுக்காடு பிசகிவிடும், அதாவது 45 என்பது 43 ஆகவும் தெரியலாம், 47 ஆகவும் தெரியலாம். வேலையில் நாள் முழுதும் அளவீட்டுப் பிழையைப் பற்றிப் பேசுகிறவளுக்கு இது உடனே உறைத்திருக்க வேண்டும். அதன்பின் ஒரே பங்கில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, குழாய் முதல் முறை தானாக நிற்கும் இடத்தோடு விட்டுவிட்டு, ஐந்து தடவை நிரப்பியதன் சராசரியை மட்டுமே எடுத்துக்கொண்டேன். வந்த விடை 43.

அடுத்த மூன்று வாரம் வேகத்தை மட்டும் மாற்றிப் பார்த்தேன். படப்பை தாண்டியதும் சாலை திறந்துகொள்ளும். அங்கே அறுபத்தைந்தில் போய்க்கொண்டிருந்தவள் ஐம்பதைத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவது. நாற்பதில் இருக்கும் எதிர்ப்பு அறுபதில் இரண்டேகால் மடங்கு. சிறிய எஞ்சினுக்கு அது பெரிய சுமை. சராசரி 47 ஆயிற்று. வீட்டுக்கு வந்துசேர நான்கு நிமிடம் கூடுதலாயிற்று. வண்டியை மாற்றாமலே கிடைத்த இந்த நான்கு கிலோமீட்டரை, ஒரே வகுப்பைச் சேர்ந்த இரண்டு ஸ்கூட்டர்களுக்கு இடையே விளம்பரங்கள் காட்டும் வேறுபாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, எந்த நிறுவனத்தின் வண்டி என்பதைப் பற்றி அதுவரை எனக்கிருந்த பரபரப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

விற்பனையாளர் காட்டும் எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அது வேறொரு சாலையில் எடுத்த அளவு. ஆய்வகத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஓட்டுநருக்கு 75 கிலோ என்று எடை வைத்து, எந்த நொடியில் எந்த வேகம் என்று முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி ஓட்டி அளப்பார்கள். எல்லா வண்டிக்கும் ஒரே அட்டவணை என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிட அது நல்ல அளவுகோல். ஆனால் அந்த அட்டவணையில் படப்பைக் கடைத்தெருவின் மாலை ஆறரை மணி இல்லை, எதிர்க்காற்று இல்லை, பின்னால் உட்கார்ந்து வரும் அம்மா இல்லை. இதோடு பெட்ரோலிலும் மாற்றம் வந்திருக்கிறது. இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பற்ற பெட்ரோலுக்காக வடிவமைத்த இருசக்கர வண்டிகளில் இதனால் 3 முதல் 4 விழுக்காடு மைலேஜ் குறையலாம் என்று 2021இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. ஆகவே அறிவித்த எண்ணிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் என் கணக்கைத் தொடங்கினேன்.

இனி நான் மிகவும் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒன்று. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசும் நம் வழக்கம் பணக் கணக்கை மறைத்துவிடுகிறது. என் 1,050 கிலோமீட்டருக்கு, 40 கொடுக்கும் வண்டி இருபத்தாறே கால் லிட்டர் குடிக்கும். 50 கொடுப்பது 21 லிட்டர். 60 கொடுப்பது பதினேழரை. 70 கொடுப்பது 15. ஒவ்வொரு படியிலும் கூடுவது பத்துப் பத்துக் கிலோமீட்டர்தான், ஆனால் மிச்சமாவது முதலில் ஐந்தேகால் லிட்டர், பிறகு மூன்றரை, பிறகு இரண்டரை. மேலே போகப் போக ஒவ்வொரு பத்துக்கும் கிடைக்கும் காசு சுருங்கிக்கொண்டே வருகிறது. 40க்குக் கீழே போகும் வண்டியை விலக்குவது அவசியம். 65 கொடுப்பதை விட்டுவிட்டு 70 கொடுப்பதைத் தேடி அலைவதற்குப் பெரிய பலன் இல்லை. லிட்டருக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (சென்னைப் பக்கம் அதற்குச் சற்று மேல்) இந்த லிட்டர்களை ரூபாயாக மனத்துக்குள்ளேயே மாற்றிவிடலாம்.

காரை ஒரே மாலையில் விலக்கிவிட்டேன். பெட்ரோல் கார்களில் சிக்கனமானவை என்று பெயரெடுத்த சிறிய கார்களுக்கு அறிவிக்கும் எண் லிட்டருக்கு 24, 25. ஏசி போட்டு, கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகையில் 17 வந்தால் நல்லது. மாதம் 62 லிட்டர், ஆறாயிரத்து இருநூறு ரூபாய். ஒரே வழியில், ஒரே நேரத்தில் வேலைக்குப் போகிற மூவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்தான் ஆகும் என்பதையும் குறித்துவைக்கிறேன். தலைக்கு மேல் கூரை கிடைக்கும், மழை நனைக்காது. எனக்கு அப்படி இருவர் அமையவில்லை.

மோட்டார் சைக்கிளை அவ்வளவு எளிதில் விலக்க முடியவில்லை. சிக்கனம் ஒன்றே அளவுகோல் என்றால் பெட்ரோல் வண்டிகளில் 100 சிசி பைக்கை ஸ்கூட்டர் வெல்ல முடியாது. ஸ்கூட்டரில் எஞ்சினின் விசை இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் ரப்பர் பெல்ட்டின் வழியாகப் பின்சக்கரத்தை அடைகிறது; கியர் மாற்றும் வேலை நமக்கு இல்லை, அதற்கு விலையாக ஒரு பகுதி விசை பெல்ட்டின் வழுக்கலிலும் வெப்பத்திலும் வீணாகிறது. பைக்கின் நான்கு கியரிலும் சங்கிலியிலும் அந்த இழப்பு குறைவு. 1994இல் வந்த ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி எஞ்சின் இன்றும் அதே கொள்ளளவில் நீடிப்பதற்கு, நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட சீரான வேகத்தில் அது காட்டும் சிக்கனமும் ஒரு காரணம். என் வழியின் பெரும்பகுதி அந்த வேகத்தில் போவதுதான். டேங்க் 9.8 லிட்டர் என்பதால் மாதம் இரண்டு முறை பங்குக்குப் போனால் போதும். சக்கரம் 18 அங்குலம். பள்ளத்தில் இறங்கினாலும் இடுப்புக்குத் தெரியாது.

தெரிந்தவர் ஒருவரின் பைக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். இருக்கை உயரம் தடை என்றுதான் எல்லோரும் எச்சரித்தார்கள். அது உண்மையல்ல: பைக்கின் இருக்கை 785 மில்லிமீட்டர், பெரும்பாலான ஸ்கூட்டர்களின் இருக்கை 765; இரண்டு சென்டிமீட்டர்தான் வேறுபாடு, ஐந்தடி உயரமுள்ள எனக்கு இரண்டு காலும் தரையில் ஓரளவு ஊன்றின. தடையாக இருந்தது சாமான். தொழிற்சாலைக்குள் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி கட்டாயம்; அது, சாப்பாட்டுப் பை, மழைக்கோட்டு, நிறுத்திய பிறகு ஹெல்மெட் ஆகிய நான்கையும் பைக்கில் வைக்க இடம் கிடையாது. முதுகில் மாட்டிக்கொண்டு தினமும் 42 கிலோமீட்டர் போவது என் கழுத்து வலிக்கு ஒத்துவராது. வார இறுதியில் அம்மாவும் அதே வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். அவருக்குக் கியர் வண்டி பழக்கமில்லை. பைக் லிட்டருக்கு 65 கொடுத்து மாதம் 1,615 ரூபாயில் முடியும், ஸ்கூட்டர் 47 கொடுத்து 2,235 ஆகும். இருக்கைக்குக் கீழே ஒரு பெட்டியும் அம்மாவுக்கு ஒரு வண்டியும் வேண்டும் என்பதற்காக மாதம் 620 ரூபாய் தருகிறேன் என்று தெரிந்தே முடிவெடுத்தேன். இந்தத் தேவைகள் இல்லாத பெண்கள், பெண்ணுக்கு ஸ்கூட்டர்தான் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு அந்தத் தொகையை இழக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

டிவிஎஸ் எக்ஸ்எல்லையும் நினைத்துப் பார்த்தேன். 1980இல் ஓசூரிலிருந்து புறப்பட்ட டிவிஎஸ் 50இன் வழிவந்த வண்டி. பால்கேனும் தேங்காய் மூட்டையும் அதில் போகாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. தொண்ணூறு கிலோவுக்கும் குறைந்த எடை, பெரிய சக்கரம், நல்ல மைலேஜ். ஊருக்குள் பத்துக் கிலோமீட்டர் போகிறவருக்கு நான் அதையே சொல்வேன். கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்கள் பின்னால் நெருங்கும் ஒரகடம் சாலையில், ஐம்பதுக்கு மேல் கொஞ்சம் வேகம் கையிருப்பில் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பேட்டரி ஸ்கூட்டரைப் பற்றித்தான் அதிக நாள் யோசித்தேன், ஏனென்றால் பணக் கணக்கில் வென்றது அதுதான். என் வழியில் ஒரு நாளுக்குச் சார்ஜ் இழப்பையும் சேர்த்து ஒன்றரை யூனிட், மாதம் நாற்பது யூனிட் போதும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தில் முதல் நூறு யூனிட் இலவசம் என்றாலும், அதை வீடு ஏற்கெனவே தின்றுவிடும். வண்டிக்குப் போவது கடைசியில் சேரும் யூனிட். இரண்டு மாதத்தில் மொத்தம் 500ஐத் தாண்டினால், கடைசி யூனிட்டின் விலை கூடுவதோடு 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்கான மலிவு விலையும் போய்விடும் என்பதை 2022 கட்டண மாற்றத்துக்குப் பிறகு பலர் பில்லில் கண்டிருப்பார்கள். அப்படியே யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 320. பெட்ரோல் ஸ்கூட்டரோடு ஒப்பிட்டால் மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மிச்சம். என் தேவைக்கேற்ற பேட்டரி வண்டிக்குக் கூடுதலாகக் கேட்ட முப்பத்தைந்தாயிரம், ஒன்றரை ஆண்டில் திரும்பிவிடும். தினமும் ஒரே தூரம், இரவில் ஓய்வு, அதுவும் நடுத்தர வேகம் என்றிருக்கும் என் போன்றோரின் பயணத்துக்காகவே செய்த வண்டி அது என்று சொன்னாலும் தவறில்லை.

இருந்தும் வாங்கவில்லை. நாங்கள் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் இல்லை. பொது மீட்டரிலிருந்து இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, எங்கள் மீட்டரிலிருந்து கீழே வரை தனிக் கம்பி இழுக்கவும் அவர் தயங்கினார். அவர் தயக்கத்துக்கும் காரணம் இருந்தது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்தபோது இதே தரைத்தளம் முழுகியதை அவர் பார்த்தவர். பேட்டரிக்கு ஐபி67 தரம் என்று கடையில் சொன்னார்கள். அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்குவதைச் சோதிக்கும் தரம், இரண்டு நாள் தேங்கிய நீருக்கானது அல்ல. பெட்ரோல் வண்டி முழுகினாலும் நாசம்தான். ஆனால் ஆயிலை வடித்து, ஸ்பார்க் பிளக்கை மாற்றி, உலர்த்தி ஓட்ட வைக்கும் மெக்கானிக் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். சொந்த வீடும், மேட்டு நிலமும், நிறுத்துமிடத்தில் ஒரு பிளக்கும் உள்ளவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிட்டு முந்தைய பத்தியின் கணக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, பெட்ரோல் ஸ்கூட்டர். அதற்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மைலேஜ் தீர்மானிக்கவில்லை. 110க்கும் 125க்கும் இடையே கூட என் வேகத்தில் வேறுபாடு மிகச் சிறியதாகவே இருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். தீர்மானித்தது சக்கரம். ஸ்கூட்டர்களில் சிலவற்றுக்கு முன்னால் 12 அங்குலமும் பின்னால் 10 அங்குலமும், சிலவற்றுக்கு இரண்டும் 12. இரவில் லாரிகள் பிளந்துவிட்ட சாலையோரத்தில் பத்து அங்குலச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறுவதற்கும், பன்னிரண்டு அங்குலம் அதன் விளிம்பைக் கடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதுகெலும்பு உடனே சொல்லும். டிரெய்லர் ஒன்று பக்கத்தில் கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். அப்போது நூறு கிலோவுக்குக் கீழான வண்டிகளைவிடச் சற்றுக் கனமானதே எனக்குத் தெம்பாக இருந்தது. டேங்கை இருக்கைக்கு அடியிலிருந்து கால்வைக்கும் பலகைக்குக் கீழே மாற்றிய புதிய வகைகளில் எடை தரைக்கு அருகில் அமைவதோடு, இருக்கைக்கு அடியில் இரண்டு ஹெல்மெட் வைக்கும் இடமும் கிடைக்கிறது. 2024இல் வந்த புதிய ஜூபிடர் 110 அப்படிப்பட்டது. இரண்டும் 12 அங்குலச் சக்கரம். அதையே எடுத்தேன். 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது 2025 செப்டம்பர் 22இல். அதற்காகக் காத்திருந்து, ஆயுத பூஜைக்கு முன் வண்டி வீட்டுக்கு வந்தது.

சாவியை வாங்கிக்கொண்டபோது தெரு மெக்கானிக்கிடம் காட்டினேன். “உங்க ஓட்டத்துக்கு ரெண்டு வருஷத்துல இருபதாயிரத்தைத் தாண்டிடும்மா, பெல்ட்டை அதுக்கு மேல விடாதீங்க” என்றார். அந்தச் செலவையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். மைலேஜை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் பெல்ட்டையும் டயரையும் மறந்துவிடுகிறார்கள்.

முதல் மாதத்தின் சராசரி 46. ஐப்பசி மழையில் 44 வரை இறங்கியது. ஈரச் சாலையும், நீர் தேங்கிய இடங்களில் ஊர்வதும் காரணமாக இருக்கலாம். கார்த்திகையில் முதல் சர்வீஸ் முடிந்து வந்த பிறகு ஏறும் என்று எதிர்பார்த்தேன். மாறாக இரண்டு நிரப்புதலில் 41 வந்தது. மூன்றாவது நிரப்புதலும் அப்படியே வந்தபோதுதான் இது அளவீட்டுப் பிழை இல்லை என்று தெளிந்தேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால், அரைச் சுற்றில் உரசி நின்றது. சர்வீஸ் செய்த இடத்தில் பின் பிரேக்கைத் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டிருந்தார்கள். அத்தனை நாளும் பிரேக்கை இலேசாக அழுத்தியபடியே ஒரகடம் போய்வந்திருக்கிறேன். மெக்கானிக் ஒரு நட்டைத் தளர்த்தி, டயரில் கையேட்டில் உள்ள அளவுக்குக் காற்றும் பிடித்துவிட்டார்.

அதற்குப் பின் ஐந்து முறை நிரப்பியிருக்கிறேன். சராசரி 49. மாதம் இருபத்தொன்றரை லிட்டருக்கும் குறைவு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காற்றுப் பிடித்துவிட்டு வந்ததும் பின்சக்கரத்தை ஒருமுறை கையால் சுழற்றி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று பார்த்து, பெட்ரோல் குறித்துவைக்கும் அதே நோட்டில் எழுதுகிறேன்.